கையெழுத்தும் தலையெழுத்தும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

‘கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது’ என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தேர்வுத்தாள் திருத்தும் பேராசிரியப் பெருமக்கள் இதனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருவனுடைய தலையெழுத்தை அவனுடைய கையெழுத்தே தீர்மானித்துவிடும் இடம் ஒன்று உண்டு. அது நீதிமன்றம். ‘இது என் கையெழுத்தன்று’ என்று ஒருவன் சொல்கிறான்; ‘அவன் போட்டதுதான்’ என்று மற்றவன் சொல்கிறான். நடுவே நிலமோ, வீடோ, சில வேளைகளில் ஒருவனுடைய விடுதலையோ கிடக்கிறது. அப்போது நீதிபதி கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் ஆவண ஆய்வாளர். ஊர் வழக்கில் கையெழுத்து நிபுணர்.

இந்தத் தொழிலை நாம் கற்பிக்கவுமில்லை, மதிக்கவுமில்லை, தமிழ் எழுத்துக்கென்று வளர்க்கவுமில்லை என்பதே என் கருத்து. இதனால் இழப்பவர்கள் மாடி வீட்டுக்காரர்கள் அல்லர். அவர்களுக்கு வழக்கறிஞரும் உண்டு, சென்னைக்குப் போய் வரப் பணமும் உண்டு.

எங்கோ மேனாட்டிலிருந்து வந்த கலை இது என்று எண்ண வேண்டாம். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். நம்பியாரூரருக்குத் திருமணம் நடக்கிறது. முதிய அந்தணர் ஒருவர் வந்து, ‘இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். மணமகன் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். ‘அது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது’ என்கிறார் கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் என்ன செய்தார்கள்? அனுபோகம், ஆவணம், சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். மூல ஓலையை வாங்கிப் படித்தார்கள். சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தம் எழுத்தை ஒப்புக்கொண்டார்கள். அதனோடும் விட்டார்களில்லை. காப்பில் இருந்த, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பு நோக்கினார்கள். ஒத்திருந்தது. நம்பி தோற்றார்.

மூலத்தைப் பார், சாட்சியைக் கேள், ஐயத்துக்கிடமில்லாத வேறோர் எழுத்தோடு ஒப்பிடு. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் 45, 47, 73 ஆகிய பிரிவுகளில் சொன்னதும், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதனிடத்தில் வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் 39, 41, 72 ஆகிய பிரிவுகளில் சொல்வதும் ஏறத்தாழ இதுதான். எம்பெருமான் திருவிளையாட்டை ஐயுறுவது என் நோக்கமன்று. ஆயினும் இன்றைய ஆய்வாளர் அந்த அவையில் இருந்திருந்தால், ‘ஒப்பிட எடுத்த அந்த ஓலை யார் காப்பில் இருந்தது? பாட்டனார் அதை எந்த வயதில் எழுதினார்?’ என்று கேட்டிருப்பார். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தியாவில் இது அரசாங்க வேலையாக ஆனது 1904-இல். வங்காள அரசு சார்லஸ் ஹார்ட்லெஸ் என்பவரைத் தன் கையெழுத்து நிபுணராக நியமித்தது. 1906-இல் அந்த அலுவலகம் சிம்லாவுக்குப் போயிற்று. பின்னர்க் கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் கிளைத்தது. நம் சென்னை மாகாணத்திலோ 1849-லேயே வேதிப் பரிசோதகரின் ஆய்வகம் ஏற்பட்டுவிட்டது. இன்று மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறையின் வேர் அங்கேதான். நஞ்சு கண்டுபிடிக்க ஏற்பட்ட அந்த வழியில் வந்த துறையில் இன்று ஆவணங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

ஆவண ஆய்வாளர் செய்வது என்ன? ஒருவர் எழுத்தைப் பார்த்து அவர் குணத்தைச் சொல்வதன்று. அது வாரப் பத்திரிகைச் சோதிடம். ஒரே மனிதன் தன் பெயரை இரண்டு முறை ஒன்றுபோலவே எழுதுவதில்லை. வேறுபாடு இயற்கை. இரண்டு கையெழுத்துகள் மயிரிழையும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால்தான் ஐயப்பட வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தடம் எடுத்திருக்கிறார்கள். பார்த்து வரைபவன் வடிவத்தைக் கவனிக்கிறான். வேகத்தை அவனால் திருட முடிவதில்லை. கோட்டில் நடுக்கம் வருகிறது. தேவையில்லாத இடத்தில் பேனா நின்று மை தேங்குகிறது. அழுத்தம் ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஒரே சீராக இருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் இவையெல்லாம் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் நம் வேதியியலும் பக்கத்து வகுப்பு இயற்பியலும் வருகின்றன. கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு பேனா மைகள் அகச்சிவப்பு ஒளியில் வெவ்வேறாகி நிற்கும். ஒன்று மறைந்துபோகும், மற்றொன்று கறுப்பாகவே இருக்கும். நாம் ஆய்வுக்கூடத்தில் இலைச்சாற்றைப் பிரித்துப் பார்க்கும் அதே வண்ணப்பிரிகை முறையில் மையின் சாயங்களைப் பிரிக்கலாம். மேல்தாளில் எழுதியதன் அழுத்தம் அடித்தாளில் பதிந்திருந்தால் சாய்வான வெளிச்சத்திலேயே படிக்கலாம். மிக மெல்லிய பதிவாக இருந்தால் நிலைமின்னியல் கருவி ஒன்றைக் கொண்டு படிக்கிறார்கள். புறஊதா ஒளியில் புதுத்தாள் நீலமாக மினுங்கும். காரணம், தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள். 1983-இல் மேற்கு ஜெர்மனியில் ‘ஹிட்லரின் நாட்குறிப்பு’ என்று ஸ்டெர்ன் பத்திரிகை கோலாகலமாக வெளியிட்டதே, அதன் வேடத்தைக் கலைத்தவற்றுள் இந்த மினுக்கும் ஒன்று. போருக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்த பொருள் போர்க்காலத் தாளில் எப்படி வரும்?

அந்த நாட்குறிப்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெளியிடுவதற்கு முன் கையெழுத்து நிபுணர்களிடம் காட்டினார்கள். அவர்களும் ஒப்பிட்டு, ‘ஒரே கைதான்’ என்றார்கள். ஒரு வகையில் அவர்கள் சொன்னது மெய். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளுள்ளும் அதே கான்ராட் குஜாவ் என்னும் மோசடிக்காரன் எழுதியவை கலந்திருந்தன! மாதிரி யார் காப்பிலிருந்து வந்தது என்று திருவெண்ணெய்நல்லூரில் கேட்டிருப்பார் என்றேனே, அது இதற்காகத்தான்.

மேனாட்டுப் புத்தகங்களில் இவையெல்லாம் விரிவாக இருக்கின்றன. அமெரிக்கரான ஆல்பர்ட் ஆஸ்பர்ன் 1910-இல் எழுதிய நூலே பலருக்கு இன்னும் பாலபாடம். ஆனால் அவர் எழுதியது ரோமன் எழுத்தைப் பற்றி. நம் ஊர்ப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதில் என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லித் தரமாட்டார். நாம்தான் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாகச் சில சொல்கிறேன். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை, ளை, ணை ஆகிய எழுத்துகளுக்குத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்பு இருந்தது. றா, னா, ணா ஆகியவை துணைக்கால் இன்றிச் சுழித்து எழுதப்பட்டன. 1965 என்று தேதியிட்ட ஒரு கைப்பத்திரம் முழுதும் இன்றைய வடிவத்திலேயே எழுதப்பட்டிருந்தால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார வேண்டும். உடனே பொய்ப் பத்திரம் என்று முடிவுகட்டவும் கூடாது. ‘குடிஅரசு’, ‘விடுதலை’ படித்த கை 1935-க்குப் பின் எந்த ஆண்டிலும் புது எழுத்தை எழுதியிருக்கலாம். அதேபோல் பழைய பள்ளிக்கூடத்தில் படித்த முதியவர் 1990-லும் துதிக்கை போட்டுத்தான் எழுதியிருப்பார். எழுதியவர் யார், எங்கே படித்தவர் என்று தெரிந்தால்தான் இந்தத் தடயம் பேசும்.

புள்ளி வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் புள்ளியாகவே வைப்பர். சிலர் சிறு வட்டமிடுவர். சிலர் அவசரத்தில் ஒரு கீற்றாக இழுப்பர். பழங்காலத்து ஓலைப் பழக்கத்தில் வந்தவர்கள் வைக்கவே மாட்டார்கள். ழகரத்தின் வால் எங்கே திரும்புகிறது, றகரத்தின் இரண்டாம் வளைவு கோட்டுக்குக் கீழ் எவ்வளவு இறங்குகிறது, இகரக் கொக்கி எழுத்தோடு சேர்ந்து வருகிறதா, பேனாவை எடுத்துத் தனியே போடுகிறாரா? நம் வகுப்பில் நாற்பது பேரின் குறிப்பேட்டைப் பரப்பிப் பார்த்தாலே இவையெல்லாம் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். இகரக் கொக்கியை வைத்தே பாதிப் பேரைப் பிரித்துவிடலாம் போலத் தோன்றிற்று. தோன்றியதுதான், எண்ணி அளந்து சொல்ல எனக்குப் பயிற்சி இல்லை.

பத்திரத்தின் வாசகமே சில சமயம் காட்டிக் கொடுத்துவிடும். நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும்தான் தனி மாவட்டத் தலைநகரங்களாயின. 1985-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘திருவாரூர் மாவட்டம்’ என்றிருந்தால் எழுதியவன் வருங்காலம் அறிந்த முனிவனாக இருக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டெண் வந்தது 1972 ஆகஸ்டில். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன் அணா. கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. ஆகவே 1988-இல் ‘கர்ணம்’ கையொப்பமிட்ட அடங்கலுக்கு எவன் பொறுப்பு? நம் தஞ்சைச் சீமைக்கே உரிய வேலி, மா, குழி என்னும் நிலக் கணக்கும், மாகாணி, முந்திரி என்னும் பின்னக் குறிகளும் பழைய ஆவணங்களில் வரும். ஒன்றைக் குறிக்கும் ௧-வும் நான்கைக் குறிக்கும் ௪-வும் விரைந்து எழுதும் கையில் எவ்வளவு நெருங்கி வரும் என்று எழுதிப் பாருங்கள். திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க உருப்பெருக்கி போதாது. முதலில் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். தஞ்சைச் சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அதே கதி நெருங்கிக் கொண்டிருக்கிறது.

பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியில்லாதவன் இந்த வேலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் டிரைபஸ் வழக்கைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1894-இல் ஜெர்மானியத் தூதரகக் குப்பைக்கூடையிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. எழுதியவர் படைத்தலைவர் டிரைபஸ்தான் என்று கூறியவர்களுள் ஒருவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். உடலளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை வகுத்த மேதை. ஆனால் கையெழுத்து ஒப்பீட்டில் முறையாகப் பயின்றவர் அல்லர். எழுத்து ஒத்துவராத இடங்களில் எல்லாம், ‘தன் எழுத்தையே போலியாக மாற்றி எழுதியிருக்கிறான்’ என்று விளக்கம் தந்தார். ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி! உண்மையில் எழுதியவன் எஸ்தர்ஹாஸி என்னும் வேறொருவன். டிரைபஸ் தீவாந்தரத்தில் வாடினார். 1906-இல்தான் முழுமையாகப் பழி நீங்கிற்று.

மேனாட்டு ஆய்வகங்களில் இன்று வகுத்துள்ள நெறி, அறிவியல் பட்டம் பெற்ற ஒருவர் மூத்த ஆய்வாளர் ஒருவரின் கீழ் குறைந்தது 24 மாதம் முழுநேரமாகப் பயில வேண்டும் என்பது. முதலில் அவர் கண்ணையே சோதிக்கிறார்கள். நிறக்குருடு இருப்பதுபோல் வடிவக்குருடும் உண்டு. சிறு வடிவ வேறுபாடுகள் சிலர் கண்ணுக்குப் படுவதேயில்லை. எவ்வளவு படித்திருந்தாலும் அவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். நம் நாட்டிலும் அரசு ஆய்வகங்களில் அறிவியல் பட்டதாரிகளை எடுத்து, மூத்தவரிடம் பழக்குவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. 2020-இல் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் சட்டத்தால் அமைந்தது. ஆனால் நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள் அல்லர். அஞ்சல்வழியில் சில மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. வாதிக்கு ஒரு நிபுணர், பிரதிவாதிக்கு ஒரு நிபுணர். இருவரும் தத்தம் கட்சிக்காரர் விரும்பியதையே கண்டுபிடித்து வருகிறார்கள்.

‘அப்படியானால் இது அறிவியலா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1997-இல் அமெரிக்காவில் காம் என்பவரும் அவர் குழுவினரும் செய்த சோதனையில், வெவ்வேறு கைகள் எழுதியதை ஒரே கை என்று தவறாகச் சொன்ன பிழை தொழில்முறை ஆய்வாளரிடம் 6.5 விழுக்காடு, சாதாரண மக்களிடம் 38.3 விழுக்காடு. 2022-இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில் 86 ஆய்வாளர்கள் பங்கு கொண்டார்கள். வெவ்வேறு கையை ஒன்று என்ற பிழை 3.1 விழுக்காடு, ஒரே கையை வேறு என்ற பிழை 1.1 விழுக்காடு. இரட்டைப் பிள்ளைகளின் எழுத்து வந்தபோது பிழை கூடிற்று. என்னைக் கவர்ந்தது வேறொன்று. இரண்டாண்டுக்குக் குறைவாகப் பயின்றவர்கள், நன்கு பயின்றவர்களைக் காட்டிலும் துணிந்து முடிவு கூறினார்கள். அதனால் சரியாகச் சொன்னதும் மிகுதி, தவறியதும் மிகுதி. ‘இவ்வளவுதான் சொல்ல முடியும்’ என்று நிறுத்திக்கொள்ளும் அடக்கம் பயிற்சியில்தான் வருகிறது. நம் உச்ச நீதிமன்றம் 1980-இல் முராரிலால் வழக்கில் எடுத்த நிலையும் இதற்குப் பொருந்துவதே. நிபுணர் சொல்லுக்குத் துணைச்சான்று இருந்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் எச்சரிக்கையோடு அணுக வேண்டும், அவர் காட்டும் காரணங்களை எடைபோட வேண்டும் என்றது.

இனி நம் கொல்லைப்புறத்துக்கு வருவோம். கொள்ளிடக் கரையில் எங்கள் திருப்பனந்தாள் பக்கத்து வழக்குகளில் பொய்க் கையெழுத்து அவ்வளவாக வருவதில்லை. கையெழுத்து மெய், அதற்கு மேலே எழுதியிருப்பதுதான் பொய். குறுவை போய்விட்டது, சம்பாவுக்கு விதையும் உரமும் வாங்க வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர் அச்சிட்ட புரோநோட்டில் வில்லை ஒட்டி, ‘இங்கே போடு’ என்கிறார். தொகை எழுதும் இடம் காலி. என் தந்தையார் அப்படித்தான் போட்டார். வாங்கியது 20,000, பின்னாளில் நோட்டில் ஏறியிருந்தது 80,000. வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, ‘கையெழுத்து உங்களுடையதுதானே?’ ‘ஆமாம்’ என்றார் தந்தையார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. ‘அப்படியென்றால் பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்றார் வழக்கறிஞர். பசுவும் கன்றும் போயின.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் படித்தேன். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வில்லை ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், அந்த வில்லை தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்தவராகவே கருதப்படுவார். கேட்டவுடன் தருவதாக எழுதும் நோட்டில் ஒரு ரூபாய் வில்லை எத்தனை பெரிய தொகைக்கும் போதும். ஆக, வரம்பே இல்லை. மேலே எழுதிய மை வேறு, கையெழுத்தின் மை வேறு என்று ஆய்வாளர் நிரூபித்தாலும் அது ஒன்றே வழக்கை வெல்லாது. எப்போது எழுதப்பட்டது என்று சொல்ல முடிந்தால் ஒருவேளை வெல்லலாம். ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சட்ட இதழ்களில் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில், மையின் வயதைக் கண்டுபிடிக்கும் முறை தம்மிடம் இல்லை என்று தடய அறிவியல் துறையே தெரிவித்த செய்தி இருக்கிறது. வேதியியல் படிக்கும் நண்பர்களே, ஆராய்ச்சிக்குத் தலைப்பு இல்லை என்று யாரோ சொன்னார்களே!

இன்னொரு கவலையும் உண்டு. என் பாட்டனார் கைநாட்டு. பாட்டியார் 1990-களில் அறிவொளி இயக்கத்தில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டவர். கைநாட்டு வைப்பது அவமானம், கையெழுத்துப் போடுவது பெருமை. பெருமைதான், ஐயமில்லை. ஆனால் ஆவண ஆய்வாளர் கண்ணால் பார்த்தால் விரல்ரேகை மாறாது. போலி செய்வதும் எளிதன்று. ஆண்டுக்கு இரண்டு முறை பெயர் எழுதும் கைக்கோ நிலைத்த பழக்கமே உண்டாவதில்லை. நடுக்கம், நிறுத்தம், மை தேக்கம் என்று போலிக்குச் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் பாட்டியாரின் மெய்க் கையெழுத்தில் இருக்கின்றன. அதைப் போலி என்று சொல்லவும் எளிது. அதைப் போல் போலி செய்யவும் எளிது. ஆகவே இத்தகையோர் பத்திரம் எழுதுங்கால் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும் என்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகை எடுக்கிறார்கள். புரோநோட்டுக்கும் குத்தகைச் சீட்டுக்கும் அந்த அலுவலகம் ஏது?

நம் கல்லூரியில் என்ன செய்யலாம்? வேதியியல் துறையில் வண்ணப்பிரிகைக்கு வேண்டியவை இருக்கின்றன. தமிழ்த் துறையில் பழஞ்சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரு துறையும் சேர்ந்து, இறுதியாண்டுச் செயல்திட்டமாகத் தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். மாணவர், விவசாயி, பத்திர எழுத்தர், பழைய கணக்குப்பிள்ளை என்று பலதரப்பட்ட கைகள். ஒரே பத்தியை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு பேனாவில், ஒவ்வொருவரும் ஐந்து முறை. வயதும் படித்த பள்ளியும் குறித்து வைக்க வேண்டும், பெயர் வேண்டாம். புள்ளியையும் கொக்கியையும் அளந்து எண்ணினால், எந்தக் கூறு பலருக்குப் பொது, எந்தக் கூறு சிலருக்கே உரியது என்று புலப்படும். பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அளவுகோலும் உருப்பெருக்கியும் பொறுமையும் போதும். கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் முப்பது பேரிடம் நானே வாங்கித் தருவதாக வேதியியல் துறைப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பாட்டியார் ஐந்து நாள் எழுதிய ஐந்து தாள் இப்போதே என்னிடம் இருக்கின்றன. மூன்றாம் நாள் தாளில் அவர் தம் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டார். திருத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.